சித்திரை வெயிலில் நிற்கிற செண்ட்

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கிறது. மாப்பிள்ளைப் பையன் கோவில்பட்டி பஸ் நிலையத்துக்குப் பக்கத்துப் பேன்சி ஸ்டோரில், ஏ.சி. குளிரில் நின்று ஏழாவது செண்ட் பாட்டிலை மோந்து பார்க்கிறான். கூட வந்த தாய்மாமனுக்குப் பொறுமை போய்விட்டது. “எதையாவது ஒண்ண எடு மாப்ளே, பஸ்ஸு போயிரும்” என்கிறார். ஏழிலே மூக்கை ஓங்கி அடித்த ஒன்றை அவன் எடுக்கிறான். சட்டையில் நாலு தடவை அடித்துக்கொண்டு வெளியே வருகிறான்.

வெளியே சித்திரை வெயில். பஸ் நாலாட்டின்புத்தூர் தாண்டுவதற்குள் கடையில் எலுமிச்சையாகச் சிரித்த அந்த வாசம் காணாமல் போய், அடியிலிருந்து ஏதோ ஒரு தித்திப்பு கிளம்பிப் பொங்குகிறது. இடைசெவல் வருவதற்குள் முன் இருக்கை அம்மா முந்தானையை மூக்கில் வைத்துக்கொள்கிறார். மாமன் ஜன்னலைத் திறந்துவிடுகிறார்.

முகூர்த்த மாதங்களில் எந்தச் சனிக்கிழமை போனாலும் இப்படி ஒரு பையனைப் பார்க்கலாம். பாட்டிலில் கோளாறு இல்லை. குளிரில் மோந்து பார்த்ததை அவன் வெயிலில் போட்டுக்கொண்டான், அவ்வளவுதான்.

செண்ட் என்பது ஒரே வாசம் அல்ல. ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் வருகிற மூன்று வாசங்கள். முதலில் எலுமிச்சை, ஆரஞ்சு வகையறா. இவற்றின் மூலக்கூறுகள் எடை குறைந்தவை. கால்மணி, அரைமணி நேரத்தில் பறந்துவிடும். அடுத்து பூக்களும் மசாலாக்களும், சில மணி நேரம். கடைசியில் சந்தனம், பிசின், கஸ்தூரி மாதிரியான கனமான சரக்குகள். அவை சாயங்காலம் வரை, சட்டையில் என்றால் மறுநாள் வரைகூட நிற்கும். கடைக்காரர் காட்டுவது முதல் வாசம். போட்டவர் பகலெல்லாம் குடித்தனம் நடத்துவது மூன்றாவதோடு. கரிசல் காட்டு வெயிலில் முதல் இரண்டும் இன்னும் வேகமாக ஓடிவிடுவதால், இந்த ஊரில் செண்ட் எடுப்பவர் அடிச்சரக்கைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

அடிச்சரக்கு என்ன என்று தெரிந்துகொள்ள பாரிஸுக்குப் போக வேண்டாம். கோவில்பட்டிக்குள் காலாற ஒரு சுற்று சுற்றினால் போதும்.

செண்பகவல்லி அம்மன் கோயிலில் தொடங்கலாம். அம்மனின் பெயரிலேயே செண்பகம். சுவாமி பெயர் பூவனநாதர். உலக வாசனைத் தொழில் சம்பாகா என்று சொல்லி விலை வைக்கிற பூ இந்தச் செண்பகம்தான். கோயில் வாசல் பூக்கடையில் இருக்கிற குண்டுமல்லியும் பிச்சியும் அதைவிடப் பெரிய கதை. தமிழ்நாட்டு மல்லிகையின் சாறு பிரான்ஸ் வரை போகிறது. ஒரு டன் பூவைக் கரைப்பானில் ஊறவைத்து எடுத்தால் மெழுகு மாதிரி கெட்டியாகக் கிடைப்பது ஏறத்தாழ மூன்று கிலோ. அதை ஆல்கஹாலில் கழுவி எடுக்கிற சுத்தச் சாறு அதிலும் பாதி. மல்லிகைக்குள் இண்டோல் என்று ஒரு பொருள் உண்டு. அதே பொருள் மலத்திலும் உண்டு. மிகக் குறைந்த அளவில் இருக்கும்போது அதுதான் பூவுக்கு உயிர் கொடுக்கிறது. அடைத்த அறையில் ராத்திரி முழுக்க மல்லிகைச் சரத்தோடு தூங்கினால் சிலருக்கு விடியற்காலையில் தலை கனக்கும். மலர் வகை செண்ட் எடுக்கும்போதும் இதே எச்சரிக்கைதான்: கல்யாண மண்டபத்துக்கு அழகு, ஜன்னல் மூடிய காருக்குள் பாரம்.

அதே கூடையில் மல்லிக்குத் துணையாக மரிக்கொழுந்து கிடக்கும். வெளிநாட்டு வாசனைத் தொழிலில் இதற்கு தவனா என்று பெயர். எண்ணெய் பெரும்பாலும் தென்னிந்தியாவிலிருந்தே போகிறது. இந்த எண்ணெய் ஆளுக்கு ஆள், தோலுக்குத் தோல் வேறு வாசம் காட்டும் என்று தொழிலில் இருப்பவர்கள் சொல்வார்கள். சிநேகிதனுக்கு நன்றாக இருக்கிறதே என்று அதே பாட்டிலை வாங்கி ஏமாந்தவர்களுக்கு மரிக்கொழுந்து ஒரு நல்ல பாடம்.

கடைவீதிக்குள் நுழைந்தால் அடுத்த வகை எதிரே வந்து நிற்கும். வறுத்த நிலக்கடலையும் காய்ச்சிய வெல்லப்பாகும். 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டி கடலைமிட்டாயின் வாசம். தின்பண்டத்தின் வாசத்தை உடம்பில் பூசிக்கொள்ளலாம் என்று உலகத்துக்குப் பெரிய அளவில் காட்டியது 1992-இல் பிரான்ஸில் வந்த ஏஞ்சல் என்ற செண்ட். பஞ்சுமிட்டாய் மணக்கிற எத்தில் மால்ட்டால் என்ற செயற்கைப் பொருளை அதில் அள்ளிப் போட்டிருந்தார்கள். அதன் பிறகு காரமெல், சாக்லேட், வெனிலா என்று ஒரு பட்டாளமே கிளம்பியது. இன்று கல்லூரிப் பிள்ளைகள் பலர் வாங்குவதும் இந்த ரகம்தான். மார்கழிக் காலையில் போட்டால் இதமாக இருக்கும். அக்கினி நட்சத்திரத்தில் போட்டால் பாகு அடிப்பிடித்த மாதிரி. மாப்பிள்ளைப் பையன் எடுத்ததும் இதுதான்.

நாட்டு மருந்துக் கடையில்தான் பெரிய பாடம் இருக்கிறது. சாம்பிராணி, வெட்டிவேர், சந்தனக் கட்டை, அகில், ஜவ்வாது, எல்லாம் ஒரே கூரையின் கீழ். சாம்பிராணி மாதிரிப் பிசின்களோடு வெனிலா சேர்ந்தால் பிறப்பது ஆம்பர் வகை. 1925-இல் கெர்லான் கொண்டுவந்த ஷாலிமார் அதன் பேர்போன பிள்ளை. சந்தனமும் வெட்டிவேரும் மர வகை. அகில் என்ற பெயர் நமக்கு மறந்துபோய், துபாய் போய்வந்த தம்பி “ஊத்” என்று சின்னக் குப்பியில் கொண்டுவந்து காட்டும்போது வாய் பிளக்கிறோம். இரண்டும் ஒரே மரம்தான். கூந்தலில் அகில் மணப்பது சங்கப் பாடல்களிலேயே உண்டு. சிலப்பதிகாரத்தில் மாதவி நீராடுகிற தண்ணீருக்கு மட்டும் பத்து வகைத் துவர், ஐந்து வகை விரை, முப்பத்திரண்டு வகை ஓமாலிகை என்று கணக்குச் சொல்கிறார் இளங்கோவடிகள். நாற்பத்தேழு சரக்கு! அடுக்கி வாசம் கட்டுகிற கலை இங்கே இறக்குமதியான சங்கதி அல்ல.

வாசத்துக்கு இருக்கிற சொற்களும் அப்படித்தான். மணம், வாசம், வாடை, நெடி, வீச்சம், கவுச்சி, முடை, ஊசல், கருகல். ஒவ்வொன்றும் மூக்கில் வேறு இடத்தில் போய்த் தைக்கிறது. நாற்றம் என்ற சொல்கூட ஒரு காலத்தில் நறுமணத்துக்கு உரியதாக இருந்தது. பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள், கண்ணனின் வாய் கற்பூரம் மணக்குமா, தாமரைப்பூ மணக்குமா என்று சங்கிடம் விசாரிக்கும்போது நாறுதல் என்ற சொல்லைத்தான் எடுக்கிறாள். இடைசெவலில் பிறந்த கி.ராஜநாராயணன் கரிசல் வட்டாரச் சொற்களுக்கென்றே ஓர் அகராதி தொகுத்தார். இந்தச் சொற்களோடு வளர்ந்தவர் கடையில் போய் ‘நல்ல ஸ்மெல்லா ஒண்ணு குடுங்க’ என்று கேட்பானேன்? ‘நெடி வேண்டாம், வெட்டிவேர் மாதிரி குளிர்ச்சியா, கொஞ்சம் மண்வாடையோட’ என்று கேட்டால் விவரம் தெரிந்த கடைக்காரருக்கு எந்தத் தட்டில் கைவைக்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

பாட்டில் அட்டையில் இருக்கிற எழுத்துகளுக்கும் கொஞ்சம் விவரம் வேண்டும். செண்ட் என்பது பெரும்பாலும் ஆல்கஹால். அதில் வாசனை எண்ணெய் எவ்வளவு என்பதைப் பொறுத்தே பெயர். நிறுவனத்துக்கு நிறுவனம் கொஞ்சம் மாறினாலும், பர்ஃப்யூம் அல்லது எக்ஸ்ட்ரெய்ட் என்று இருந்தால் 20 முதல் 30 சதவீதம், இ.டி.பி. என்றால் 15 முதல் 20, இ.டி.டி. என்றால் 5 முதல் 15. கொலோன் என்றால் 2 முதல் 5. ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் 1709-இல் கடை திறந்த ஃபாரினா குடும்பத்தின் எலுமிச்சை வாசத் தண்ணீர்தான் இந்தக் கடைசிப் பெயருக்குக் காரணம். சதவீதம் கூடினால் உசத்தி என்று பலரும் நினைக்கிறார்கள். அது செறிவு, தரம் வேறு. கத்திரி வெயிலுக்கு மெல்லிய கொலோனைச் சாயங்காலம் இன்னொரு தடவை அடித்துக்கொள்வது, காலையிலேயே இ.டி.பி.யில் குளிப்பதைவிடச் சுற்றியிருப்பவர்களுக்குப் புண்ணியம்.

ஆல்கஹால் என்றதும் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறவர்களுக்கு வேறொரு நினைப்பு வரும். ஸ்பிரே பாட்டிலில் ஏறத்தாழ முக்கால் பங்குக்கு மேல் எரிகிற சரக்கு. பாடி ஸ்பிரே டின்னில் தள்ளுவிசைக்கு அடைக்கிற வாயு பெரும்பாலும் பியூட்டேன், புரொப்பேன், அதாவது சமையல் கேஸின் வகையறா. மருந்து முக்குகிற இடத்திலும் வெடிமருந்துக் கிட்டங்கியிலும் இதற்கு வேலை இல்லை. வெயிலில் நிறுத்திய கார் டேஷ்போர்டும் அதற்கு இடமல்ல. வெப்பமும் வெளிச்சமும் வாசத்தையும் கெடுக்கும். பீரோவில் துணிகளுக்கு நடுவே வைப்பது உத்தமம்.

அத்தரில் இந்தத் தொல்லை கிடையாது. அது எண்ணெய். கண்ணாடிக் குச்சியால் புறங்கையில் ஒரு கோடு இழுத்தால் அறை முழுக்கப் பரவாமல், பக்கத்தில் வந்தவருக்கு மட்டும் தெரியும். துளி அத்தரைப் பஞ்சில் தொட்டுக் காதுமடலுக்குள் செருகிக்கொள்கிற பெரியவர்களைத் தர்கா விழாக்களில் இன்றும் பார்க்கலாம். பருத்தி விளைகிற கரிசலுக்கு இது தோதான ஏற்பாடு. ஆனால் ஐம்பது ரூபாய்க் குப்பியில் ‘அசல் சந்தன அத்தர்’ என்று எழுதியிருந்தால் சிரித்துவிட்டு வாங்க வேண்டியதுதான். சந்தன எண்ணெய் கிலோ லட்ச ரூபாய்க்கு மேல். குப்பிக்குள் இருப்பது செயற்கை வாசம். செயற்கை என்பதாலேயே அது மட்டமும் அல்ல. 1882-இல் உபிகான் நிறுவனம் ஃபூஜேர் ரொயாலில் ஆய்வகத்துக் கூமரினைச் சேர்த்ததிலிருந்து நவீன வாசனைக் கலையே அந்தக் காலில்தான் நிற்கிறது. அசல் விலைக்கு விற்காத வரை குற்றமில்லை.

சரி, எடுப்பது எப்படி? ஒரே தடவையில் மூன்று பாட்டிலுக்கு மேல் மோந்தால் மூக்கு மரத்துவிடும். கடையில் நீட்டுகிற காப்பிக்கொட்டை அதைச் சரிசெய்யும் என்பது நம்பிக்கைதான். 2011-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் அது வெறும் காற்றைவிட மேலானதாகத் தெரியவில்லை. கடைக்கு வெளியே வந்து நாலு மூச்சு இழுத்தாலே போதும். பிடித்த ஒன்றை மணிக்கட்டில் ஒரு தடவை அடித்து, தேய்க்காமல், வாங்காமல், வெயிலில் இறங்கி வேலையைப் பார்க்கப் போய்விட வேண்டும். மதியம் மூன்று மணிக்கு வேர்வையும் தூசியும் படிந்த பிறகு மோந்து பார்த்து அப்போதும் பிடித்தால் மறுநாள் வந்து வாங்கலாம். போட்டவர் மூக்குக்கு அரைமணியில் தன் வாசம் பழகி மறைந்துவிடும், மற்றவர்களுக்கு மறையாது. அதனால் கூட இருப்பவரைக் கேட்பதும் நல்லது. வறண்ட தோலில் வாசம் நிற்காது. துளி தேங்காய் எண்ணெய் தடவிய இடத்தில் நிற்கும். இன்னொன்று: பெர்கமோட், எலுமிச்சை எண்ணெய்கள் சிலவற்றில் இருக்கிற ஒரு பொருள் வெயில் பட்டால் தோலில் கருந்தழும்பு விடும். பெரிய நிறுவனங்கள் அதை நீக்கிவிடுகின்றன. மலிவுச் சரக்கைக் கழுத்தில் அடிக்காமல் சட்டையில் அடிப்பதே இந்த ஊர் வெயிலுக்குப் பொருத்தம்.

எல்லா வகையும் சொல்லி, கரிசல்காரருக்கு மிகவும் பிடித்த வாசத்தைச் சொல்லாமல் விட முடியாது. வெடித்துக் கிடக்கிற கருமண்ணில் முதல் தூறல் விழும்போது எழுகிற வாசம். 1964-இல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் இருவரும் ‘நேச்சர்’ இதழில் அதற்கு பெட்ரிகோர் என்று பெயர் வைத்தார்கள். வறட்சியில் செடிகள் விடுகிற எண்ணெய்ப் பொருள்களை மண்ணும் பாறையும் உறிஞ்சி வைத்துக்கொள்கின்றன. ஈரம் பட்டதும் விடுகின்றன. கூடவே மண் நுண்ணுயிர்கள் சுரக்கிற ஜியோஸ்மின். லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே மனித மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். அடைமழையைவிட மெதுவான தூறலில்தான் துளிகள் மண்ணில் பட்டு நுண்குமிழிகளை அதிகம் கிளப்புகின்றன என்று 2015-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் அதிவேகக் கேமராவில் படம் எடுத்தே காட்டினார்கள்.

அந்த ஆஸ்திரேலியர்களே தங்கள் கட்டுரையில் ஒன்றைக் குறிப்பிட்டிருந்தார்கள்: உத்தரப் பிரதேசத்து வாசனைக்காரர்கள் இதை முன்பே பிடித்துக் குப்பியில் அடைத்துவிட்டார்கள். கன்னௌஜ் ஊரில் இன்றும் கோடையில் களிமண்ணை வெட்டி, தட்டாக்கி, சூளையில் சுட்டு, செப்புப் பானையில் தண்ணீரோடு போட்டு வாயைக் களிமண்ணால் பூசி மூடிவிடுகிறார்கள். அடியில் தீ. ஆவி மூங்கில் குழாய் வழியாகச் சந்தன எண்ணெய் இருக்கிற பானைக்குள் இறங்குகிறது. அதுதான் மிட்டி அத்தர், மண் அத்தர். மாப்பிள்ளைப் பையன் விசாரித்தால் ஆன்லைனில் கிடைக்கும். ஆனால் அது கங்கைச் சமவெளிக் களிமண். கோவில்பட்டிக் கருமண் அல்ல.

சித்திரை கடைசியில் ஒரு நாள் சாயங்காலம், டீக்கடைப் பெஞ்சில் அதே தாய்மாமன். வானம் மூடவில்லை, ஒரு துளி விழவில்லை. கிழக்கிலிருந்து ஒரு காற்று வருகிறது. கிளாஸைக் கீழே வைத்துவிட்டு மூக்கை நிமிர்த்துகிறார். “எட்டயபுரத்துப் பக்கம் இறங்கிருச்சு மாப்ளே” என்கிறார். பையன் தன் மணிக்கட்டை மோந்து பார்த்துவிட்டு, கையை இறக்கிக்கொண்டு கிழக்கே திரும்புகிறான்.