கிளட்ச் பிளேட்டைக் குறை சொல்லும் முன்...

தஞ்சாவூரிலிருந்து கும்பகோணத்துக்கு பழைய சாலையில் சுமார் 40 கிலோமீட்டர்தான். ஆனால் பசுபதிகோவில், அய்யம்பேட்டை, பாபநாசம், தாராசுரம் என்று ஊருக்கு ஊர் வேகத்தைக் குறைக்க வேண்டும். கடைத்தெரு, நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர், அறுவடைக் காலத்தில் சாலையோரம் காயும் நெல்! இந்த வழியில் கார் ஓட்டுபவரின் இடது கால் கிளட்ச் பெடலை விட்டு இறங்குவதே அபூர்வம். டெல்டாவில் ஓடும் பழைய கார்களுக்குக் கிளட்ச் தகராறு வருவதில் ஆச்சரியம் இல்லை.

தகராறு வந்தவுடன் "பிளேட் போயிடுச்சு, கியர் பாக்ஸை இறக்கணும்" என்று சோதிக்காமலே சொல்லிவிடுவதுதான் தவறு. பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், அதற்கு மேல் கூலி! பழைய மாருதி 800 வைத்திருக்கும் நடுத்தரக் குடும்பத்துக்கு அது பெரிய தொகை. "இதற்கு மேல் இந்த வண்டிக்குச் செலவு செய்ய முடியாது" என்று பழைய இரும்புக்குப் போடுபவர்களும் உண்டு. பழுது ஒரு கேபிளில் மட்டும் இருந்திருந்தால்?

மாருதி 800-ல் பெடலையும் கியர் பாக்ஸில் உள்ள கிளட்ச் லிவரையும் இணைப்பது ஒரு கேபிள். அதற்கும் பழைய மாடல் கார்கள் சிலவற்றில் இரும்புத் தண்டுகளும் பின்களும் இந்த வேலையைச் செய்தன. மழைத் தண்ணீரும் சேறும் உறைக்குள் புகுந்தால் கேபிள் துருப்பிடிக்கும். வளையும் இடத்தில் இழை இழையாக அறும். தண்டு உள்ள கார்களில் பின்னும் புஷ்ஷும் தேய்ந்து ஆட்டம் கொடுக்கும்.

சரி, பழுது எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பெடல் கல் போல இறுகினால் முதல் சந்தேகம் கேபிள் மேல். பெடல் தொளதொளவென்று இறங்கி, ரிவர்ஸ் கியர் போடும்போது கரகரவென்று சத்தம் வந்தால் கிளட்ச் முழுவதும் பிரியவில்லை என்று பொருள். கேபிள் தளர்ந்திருக்கலாம். இன்ஜின் மட்டும் சீறி, வண்டி வேகம் எடுக்காவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. அப்போதும் உடனே பிளேட்டைக் குறை சொல்லக்கூடாது. பிளேட் தேயத் தேயப் பெடலின் 'பிளே' குறையும். அதைச் சரிசெய்யாமல் விட்டால், காலை எடுத்த பிறகும் கேபிள் லிவரை இழுத்துப் பிடித்தபடியே இருக்கும். நல்ல பிளேட்டும் வழுக்கி வீணாகும்.

அடுத்த சோதனைக்கு இரண்டு பேர் போதும். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, கை பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைக்க வேண்டும். ஒருவர் பெடலை மிதிக்க, மற்றவர் பானெட்டைத் திறந்து லிவரைப் பார்க்க வேண்டும். பெடல் முழுவதும் இறங்கியும் லிவர் கொஞ்சமே நகர்ந்தால் பழுது வெளியே. கேபிளை மாற்றினாலோ, அதன் முனையில் உள்ள நட்டைத் திருப்பிப் 'பிளே' வைத்தாலோ தீரும். லிவர் ஒழுங்காக நகர்ந்தும் கியர் கரகரத்தால் மட்டுமே கியர் பாக்ஸை இறக்கும் பேச்சு வர வேண்டும்.

இவ்வளவு எளிய சோதனை ஏன் நடப்பதில்லை? குற்றம் மெக்கானிக்குடையது மட்டும் இல்லை. அரை மணி நேரம் குனிந்து பார்த்து நட்டை இரண்டு சுற்றுத் திருப்பியவரிடம் "இதற்குப் போய் காசா?" என்று கேட்கும் வாடிக்கையாளர்கள்தான் அதிகம். டாக்டர் நாடி பார்த்ததற்குப் பணம் கொடுப்பவர்கள், மெக்கானிக் பழுது பார்த்ததற்குக் கொடுக்க யோசிக்கிறார்கள். பார்வைக்குக் கூலி இல்லை என்றால் பாகத்தை மாற்றித்தானே பட்டறை பிழைக்க வேண்டும்?

மாருதி 800, அம்பாசடர் இரண்டின் உற்பத்தியும் 2014-ல் நின்றுவிட்டது. 15 வருடம் தாண்டிய கார் சாலையில் ஓட வேண்டுமானால் பதிவைப் புதுப்பிக்க வேண்டும்; அதற்கும் செலவு. எனவே இருக்கிற வண்டியைக் காப்பாற்ற நினைப்பவர்கள், பட்டறைக்குப் போனதும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "லிவர் எவ்வளவு நகருது, பார்த்தீங்களாண்ணே?" என்பதுதான். பார்த்துச் சொன்னவருக்கு அதற்கான கூலியைக் கொடுப்பதும் நியாயம்.