கம்பி மட்டும் போதுமா?

(பி.எஸ்ஸி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

மின்சாரத்தைப் பற்றி ஓர் இயற்பியல் மாணவன் எழுதப் புகுந்தால் ஓம் விதியில் தொடங்கி ஃபாரடே விதியில் முடிப்பான் என்று நண்பர்கள் எதிர்பார்க்கலாம். நான் எழுத எடுத்துக்கொண்டது மின்சாரத்தை விற்பவரும் வாங்குபவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் முறையைப் பற்றி. அதிலும் இரண்டு விளக்கும் ஒரு மின்விசிறியும் வைத்திருக்கும் நம் வீடுகளை இப்போதைக்கு விட்டுவிடுகிறேன். மாதம் பல இலட்சம் ரூபாய் மின்கட்டணம் செலுத்துகின்றனவே நூற்பாலைகள், வார்ப்படச் சாலைகள், சாயப்பட்டறைகள், அவற்றோடு பழகவும் பேசவும் மின்வாரிய ஊழியர்களுக்குத் தனிப் பயிற்சி அளிக்க வேண்டும் என்பது என் கருத்து.

இதை விடுதியில் சொன்னபோது நண்பன் ஒருவன் சிரித்தான். "முதலாளிக்குச் சலாம் போடறதுக்குப் பயிற்சி வேறயாடா?" என்றான். நியாயமான கேள்விதான். விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு அலுவலகத்துக்கு நடையாய் நடக்கும் ஏழைக்கு இன்முகம் காட்ட முதலில் கற்றுக்கொடுங்கள், பிறகு ஆலை முதலாளியைப் பார்க்கலாம் என்று யார் சொன்னாலும் நான் மறுக்க மாட்டேன். நானும் அப்படி நடந்த குடும்பத்தில் பிறந்தவன்தான். ஆனாலும் இந்தக் கேள்விக்குள் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. அதைப் பார்க்காமல் பதில் சொல்ல முடியாது.

தமிழ்நாட்டில் உழவர்களுக்கு மின்சாரம் இலவசம். குடிசைகளுக்கு இலவசம். 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்திற்கு 100 யூனிட் இலவசம். இந்தச் செலவில் பெரும்பங்கை அரசு மானியமாகத் தருகிறது. அது போக, அடக்க விலையைவிடக் குறைந்த விலையில் வீடுகளுக்குக் கொடுப்பதை ஈடுகட்ட உயரழுத்த மின்சாரம் வாங்கும் தொழிற்சாலைகளும் வணிக நிறுவனங்களும் கூடுதல் விலை தருகின்றன. குறுக்கு மானியம் என்று இதற்குப் பெயர். எளிமையாகச் சொன்னால், நம் வீட்டு மின்விசிறி சுற்றுவதில் ஏதோ ஓர் ஆலையின் காசும் சேர்ந்து சுற்றுகிறது!

அந்த ஆலை இனி வெளியேறவும் முடியும் என்பதுதான் புதிய செய்தி. நம் தாத்தாக்கள் காலத்தில் மின்வாரியத்தை விட்டால் வேறு கதி கிடையாது. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் வந்த பிறகு, 1 மெகாவாட்டுக்கு மேல் தேவையுள்ளவர்கள் வேறிடத்தில் மின்சாரம் வாங்கி, வாரியத்தின் கம்பி வழியாகக் கொண்டுவர வழி பிறந்தது. 2022இல் மத்திய அரசு வெளியிட்ட விதிகள், காற்று, சூரியன் போன்ற பசுமை மின்சாரத்துக்கு அந்த வரம்பை 100 கிலோவாட்டாகக் குறைத்துவிட்டன. தமிழ்நாட்டில் நிறுவப்பட்டுள்ள காற்றாலைகளின் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. அவற்றுள் பல, ஆலைகள் தம் சொந்தத் தேவைக்காக நிறுவியவை. ஆலைக் கூரைகளில் சூரியத் தகடுகள் பளபளப்பதைப் பேருந்தில் போகும்போதே பார்க்கலாம். பெரிய நுகர்வோர் ஒவ்வொருவராக விலகினால் மீதிச் சுமை யார் தலையில் விழும் என்பதை என் விடுதி நண்பன் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். அவன் கணிதத் துறை மாணவன்தான்!

வெளிநாட்டு நிலையையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் 1990இல் 1 மெகாவாட்டுக்கு மேற்பட்ட நுகர்வோரும் 1994இல் 100 கிலோவாட்டுக்கு மேற்பட்டோரும் தாம் விரும்பிய நிறுவனத்திடம் மின்சாரம் வாங்கலாம் என்றானது. நம் நாட்டு வரம்புகளும் அதே எண்களாக அமைந்தது ஒரு வேடிக்கை. அமெரிக்காவில் நகராட்சி போன்ற பொது அமைப்புகளுக்குச் சொந்தமான மின் நிறுவனங்கள் உண்டு. அவற்றின் சங்கம், பெரிய நுகர்வோரைக் கவனிக்கும் ஊழியர்களுக்கென்றே தனிப் பயிற்சி நடத்திச் சான்றிதழும் தருகிறது. ஆகவே இது தனியார் இலாபத்துக்கு மட்டும் உரிய வித்தை என்று ஒதுக்கிவிட முடியாது.

நம் ஊருக்கு வருவோம். 1932இல் பைகாரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. அந்த மின்சாரம் மலையிறங்கி வந்த பிறகுதான் கோவையில் ஆலைகள் பெருகின. 1957இல் மின்வாரியம் அமைந்தது. 2010இல் அது நிறுவனங்களாகப் பிரிந்தது. 2024இல் பகிர்மானப் பணி தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம் என்னும் பெயரைப் பெற்றது. பெயர் எத்தனை மாறினாலும் மக்கள் வாயில் அது 'ஈ.பி.'தான்.

என் தந்தையார் ஒரு நூற்பாலையில் ரிங் பிரேம் சைடர். ஆலைக்கும் ஈ.பி.க்கும் உள்ள உறவு எப்படி நடக்கிறது என்பதை அவர் வாயிலாகவே அறிந்தேன். அந்த உறவு முதலாளிக்கும் பொறியாளருக்கும் இடையில் இல்லையாம்! ஆலை எலக்ட்ரீசியனுக்கும் துணைமின் நிலையத்தில் ஷிப்ட் பார்ப்பவருக்கும் இடையில்தான் இருக்கிறது. நள்ளிரவில் மின்சாரம் நின்றால் எலக்ட்ரீசியன் கைபேசியை எடுப்பார்.

"அண்ணா, லைன் எப்பங்க வரும்?"

"ஜம்பர் போயிருச்சு தம்பி. ஆளு ஏறியிருக்காங்க. அரைமணி ஆகும்."

அந்த அரைமணி என்ற ஒரு சொல் போதும். மேஸ்திரி ஆட்களைத் தேநீருக்கு அனுப்புவதா, இயந்திரத்தைத் துடைக்கச் சொல்வதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவு செய்துவிடுவார். அந்த அண்ணன் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனால் உறவும் அவரோடு வண்டியேறிப் போய்விடுகிறது. புதிதாக வருபவருக்கு அந்த ஃபீடரில் எந்த ஆலை இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளவே ஆறு மாதம் ஆகும். ஒரு தனி மனிதரின் நல்ல குணத்தை நம்பி நடப்பதை ஒரு நிறுவனத்தின் வழக்கமாக மாற்றுவதைத்தான் நான் பயிற்சி என்கிறேன்.

2021இல் 'மின்னகம்' என்னும் சேவை மையம் தொடங்கப்பட்டது. நல்ல முயற்சி. புகார் பதிவாகிறது, எண் கிடைக்கிறது. ஆனால் வார்ப்படச் சாலையின் உலையில் இரும்பு உருகிக் கிடக்கும் நேரத்தில் மின்சாரம் நின்றால், அந்தக் குழம்பு உலைக்குள்ளேயே இறுகிவிடும் என்பது தொலைபேசியை எடுப்பவருக்குத் தெரிந்திருக்குமா? சாயப்பட்டறையில் துணி பாதி நிறம் ஏறிய நிலையில் இயந்திரம் நின்றால் அந்தத் துணி முழுவதும் நிறம் பேதப்பட்டுப் போகலாம். நூற்பாலைக்கோ முழு நிறுத்தம்கூட வேண்டியதில்லை. மின்னழுத்தம் ஒரு நொடியில் சிறு பங்கு நேரம் தாழ்ந்தால் நம் வீட்டு விளக்கு ஒருமுறை கண்சிமிட்டும். நாம் கவனிக்கவும் மாட்டோம். ஆலையில் மின்னணுக் கருவி கொண்டு ஓட்டப்படும் மோட்டார்கள் அதற்கே நின்றுவிடக்கூடும். ஒரு ரிங் பிரேமில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கதிர்கள் உண்டு. மறுபடி ஓடும்போது அறுந்த இழைகளையெல்லாம் ஒட்டுவது என் தந்தையைப் போன்றவர்களின் விரல்கள். அலுவலகப் பதிவேட்டில் அன்று மின்தடை 'இல்லை' என்றே இருக்கும்! இருவரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் சொல்வது மற்றவருக்குப் புரியவில்லை, அவ்வளவே.

ஆகவே பயிற்சியின் முதல் பாடம் வகுப்பறையில் நடக்கக் கூடாது. உயரழுத்தப் பிரிவில் பணிபுரியும் பொறியாளரும் கணக்கு எழுதுபவரும் ஒரு வாரம் ஆலைக்குள் நிற்கட்டும். பஞ்சுப் பொதி பிரிப்பது முதல் நூல் கோன் கட்டுவது வரை பார்க்கட்டும். கம்பமும் ரிலேயும் மின்மாற்றியும் கற்பிக்க நம்மிடம் பயிற்சி நிலையங்களுக்குக் குறைவில்லை. நெய்வேலியில் தேசிய மின்சக்திப் பயிற்சி நிறுவனமே இருக்கிறது. வாங்குபவன் அந்த மின்சாரத்தை வைத்து என்ன செய்கிறான் என்ற பாடத்துக்கும் அங்கே ஓர் இருக்கை போட வேண்டும்.

அடுத்தது கட்டணச் சீட்டு. உயரழுத்த நுகர்வோரின் கட்டணச் சீட்டைப் படிக்க ஒரு தனிப் பட்டம் வேண்டும்! யூனிட்டுக்கு ஒரு விலை, உச்ச நேரத்துக்குக் கூடுதல், இரவுக்குத் தள்ளுபடி, காற்றாலை யூனிட்டுக்கு நேரவாரியாகக் கழிவு, இவற்றோடு 'டிமாண்டு' கட்டணம். பதிவான டிமாண்டு, ஒப்பந்த அளவில் 90 விழுக்காடு, இவ்விரண்டில் எது அதிகமோ அதற்குப் பணம் கட்ட வேண்டும். 2022 செப்டம்பரில் இந்தக் கட்டணம் ஒரு கே.வி.ஏ.வுக்கு மாதம் 350 ரூபாயிலிருந்து 550 ரூபாயாக உயர்ந்தது. ஓர் ஆலை 1000 கே.வி.ஏ.வுக்கு ஒப்பந்தம் செய்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வேலை குறைந்து 600 மட்டுமே பதிவாகிறது. ஆனாலும் அந்த 550 ரூபாய்க் கணக்கில் 900க்குக் கட்ட வேண்டும்: 4,95,000 ரூபாய். ஒப்பந்தத்தை 660 ஆகக் குறைத்துக்கொண்டால் 3,30,000 ரூபாயோடு முடியும். மாதம் 1,65,000 ரூபாய் மிச்சம். இந்த யோசனையை ஆலைக்குச் சொல்ல வேண்டியவர் யார்?

"வாரியம் ஏன் தன் வருமானத்தைத் தானே குறைத்துக்கொள்ள வேண்டும்?" என்று கேட்பீர்கள். நம் ஊர் மளிகைக் கடைக்காரரைக் கேளுங்கள், சொல்வார். "இந்த அரிசி உங்க வீட்டுக்கு ஆகாதுங்க, அதை எடுங்க" என்று விலை குறைந்ததைக் காட்டும் கடைக்கே நம் அம்மா மாதாமாதம் போகிறார். போதாததற்கு, ஆலை விட்டுக்கொடுத்த அந்த 340 கே.வி.ஏ.வைப் புதிய பட்டறைக்குக் கொடுக்கலாம்.

நாம் ஆய்வுக்கூடத்தில் எல்.சி.ஆர். சுற்றை வைத்துக்கொண்டு மதிப்பெண்ணுக்காகப் போடும் திறன் காரணிக் கணக்குக்கும் இங்கே விலை உண்டு. 500 கிலோவாட் பளுவுக்குத் திறன் காரணி 0.8 ஆனால் 625 கே.வி.ஏ. தேவை, 0.95 ஆனால் 526 போதும். ஒரு மின்தேக்கித் தொகுதி செய்யும் வேலை இது. பெரிய ஆலைக்குச் சொந்தப் பொறியாளர் இருப்பார், அவர் பார்த்துக்கொள்வார். லேத் பட்டறையில் தொடங்கி உயரழுத்த இணைப்பு வரை தம் உழைப்பால் உயர்ந்த ஒருவருக்கு, ஆங்கிலத்தில் வரும் சுற்றறிக்கையின் இரண்டாம் பத்தியிலேயே மூச்சு முட்டிவிடும். அவரிடம் தமிழில் உட்கார்ந்து விளக்கத் தெரிந்தவரே எனக்கு நல்ல பொறியாளர்.

கசப்பான செய்தியைச் சொல்லவும் பழக வேண்டும். 2008 நவம்பர் முதல் 2015 வரை உயரழுத்த நுகர்வோருக்கு மின் கட்டுப்பாடு நடப்பில் இருந்தது. அந்த ஆண்டுகளில் நான் தொடக்கப் பள்ளியில் படித்தேன். தந்தைக்கு வாரத்தில் மூன்று நாள் வேலை கிடைத்தால் அதிகம். பற்றாக்குறைக்கு எந்தப் பயிற்சியும் மருந்தாகாது. இல்லாத மின்சாரத்தை இனிக்கப் பேசி உண்டாக்க முடியாது. ஆனால் எந்த மூன்று நாள் என்பது ஒரு வாரம் முன்னதாகத் தெரிந்திருந்தால் மீதி நாளில் அவர் கட்டட வேலைக்குப் போயிருப்பார். காலையில் ஆலை வாசல் வரை சைக்கிள் மிதித்துப்போய்த் திரும்பிய நாட்களை என் அம்மா இன்றும் விரல் விட்டு எண்ணுவார்.

இனி, எல்லோர் மனத்திலும் இருக்கும் ஐயத்துக்கு வருகிறேன். பழக்கம் என்றால் சலுகை, சலுகை என்றால் கவர் என்று ஆகிவிடாதா? ஆகும், கவனமில்லாவிட்டால் கட்டாயம் ஆகும். இப்போதுள்ள கைபேசி உறவில் அதற்கு இடம் அதிகம், ஏனெனில் எதுவும் எழுத்தில் இல்லை. ஒவ்வொரு பெரிய நுகர்வோருக்கும் ஒரு பதிவேடு. யார் எப்போது என்ன கேட்டார், யார் என்ன பதில் சொன்னார் என்பது அதில் ஏற வேண்டும். ஆலைக்குப் போகும்போது இருவராகப் போக வேண்டும். தீபாவளிப் பெட்டியை வருத்தப்படுத்தாமல் திருப்பித் தருவது எப்படி என்பதற்கே அரைநாள் வகுப்பு வைக்கலாம், நகைச்சுவைக்காகச் சொல்லவில்லை. கம்பி அறுந்தால் மருத்துவமனைக்கு முதலில், குடிநீர் நிலையத்துக்கு அடுத்து என்ற வரிசை எந்த முதலாளியின் அழைப்பாலும் மாறக் கூடாது. இந்த எல்லையை அறியாத ஊழியருக்குப் பேச்சுப் பயிற்சி கொடுப்பது ஆபத்து என்பதை என் நண்பனுக்காக ஒப்புக்கொள்கிறேன்.

நம் கல்லூரியிலிருந்து சிலர் நாளை கணக்கீட்டாளராகவோ உதவியாளராகவோ மின்வாரியத்துக்குப் போகக்கூடும். அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. நம் இயற்பியல் துறையும் வணிகவியல் துறையும் சேர்ந்து, பக்கத்து ஊர்த் தொழிற்கூடம் ஒன்றின் பழைய கட்டணச் சீட்டுகளை வாங்கி, ஒரு சனிக்கிழமை மாணவர்களுக்குப் பிரித்துக் காட்டலாம். பேராசிரியர்கள் மனம் வைத்தால் அடுத்த பருவத்திலேயே நடக்கும். துணைமின் நிலையப் பொறியாளர் ஒருவரையும் ஓர் ஆலை எலக்ட்ரீசியனையும் அழைத்து ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார வைக்க வேண்டும். தேநீர்ச் செலவை எங்கள் வகுப்பு ஏற்றுக்கொள்ளும்.