முகச் சிவப்புக்கு எந்த லேசர்?

குடிப்பழக்கமே இல்லாத ஒருவரைப் பார்த்து, "என்ன, ராத்திரி விருந்து பலமோ?" என்று கேட்டால் அவர் மனம் என்ன பாடுபடும்! ரோசேசியா என்னும் தோல் வியாதி கண்டவர்களுக்கு இந்தச் சங்கடம் பழகிப்போன ஒன்று. கன்னமும் மூக்கும் எந்நேரமும் சிவந்திருக்கும். வெயில் பட்டாலும், காரம் தின்றாலும் இன்னும் சிவக்கும்.

இந்தச் சிவப்பைக் குறைக்க இன்று பலவகைக் கருவிகள் உண்டு. "எது சிறந்தது?" என்று எல்லாரும் கேட்கிறார்கள். "யாருடைய தோலுக்கு?" என்றும் சேர்த்துக் கேட்பதே புத்திசாலித்தனம்.

ஒளி செய்யும் வேலை

1983-ல் அமெரிக்க டாக்டர்கள் ஆண்டர்சன், பாரிஷ் இருவரும் ஒரு தத்துவத்தை வெளியிட்டார்கள். ரத்தத்தின் சிவப்புப் பொருள் உறிஞ்சக்கூடிய ஒளியைக் கண நேரம் பாய்ச்சினால், விரிந்துபோன நுண்ணிய ரத்தக் குழாய் சூடேறி மூடிக்கொள்ளும். சுற்றியுள்ள தோல் தப்பிவிடும். இன்றைய லேசர் சிகிச்சைக்கு இதுவே அஸ்திவாரம்.

நான்கு கருவிகள்

595 நானோமீட்டர் ஒளி தரும் பல்ஸ்டு டை லேசர், சிவப்பைக் குறைப்பதில் பேர் பெற்றது. பலமாகப் பாய்ச்சினால் முகம் கன்றி, சில நாள் வெளியே தலைகாட்ட முடியாது. கே.டி.பி. லேசரின் 532 நானோமீட்டர் ஒளி, மேலாகத் தெரியும் மெல்லிய குழாய்களுக்கு ஏற்றது. ஐ.பி.எல். என்பது உண்மையில் லேசரே அல்ல. பல அலைநீளங்கள் கலந்த ஒளி. முகம் கன்றாத அளவில் பாய்ச்சியபோது, டை லேசரும் ஐ.பி.எல்.லும் ஏறத்தாழ ஒரே பலனைத் தந்ததாக 2009-ல் வெளியான ஓர் ஆய்வு கூறுகிறது. நான்காவதான என்டி-யாக் லேசரின் 1064 நானோமீட்டர் ஒளி ஆழமாகப் பாயும். ஆனால் ரத்தம் அதைக் குறைவாகவே உறிஞ்சும்.

மாநிறத்துக்கு வேறு கணக்கு

வெள்ளைத் தோலுக்கு முதல் மூன்றும் பொருந்தலாம். நம் மாநிறத் தோலிலோ, கருமை தரும் மெலனின் அந்த ஒளியை வழிமறித்துத் தானே உறிஞ்சிக்கொள்ளும். விளைவு? கொப்புளம், கரும்படை. சிவப்பைப் போக்கப் போய்க் கறுப்பை வாங்கி வந்த கதைதான்! இங்கே என்டி-யாக் முன்னுக்கு வருகிறது. மெலனின் அதன் ஒளியை அதிகம் உறிஞ்சுவதில்லை. அதையும் அளவு மீறிப் பாய்ச்சினால் தழும்பு விழும் என்பதை மறக்கலாகாது.

இன்னொரு விஷயமும் உண்டு. முகம் வெளுக்க வேண்டும் என்று ஸ்டீராய்டு கலந்த களிம்பை மாதக்கணக்கில் தடவுவோருக்கும் முகம் இப்படிச் சிவக்கும். 2018-ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்பு மருந்துகளை டாக்டர் சீட்டின்றி விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்ததற்குக் காரணம் இத்தகைய தீங்குகளே. இவர்களுக்கு முதல் வைத்தியம், டாக்டர் சொல்படி அந்தக் களிம்பை விடுவதுதான்.

லேசர் ரோசேசியாவை வேரோடு அறுப்பதில்லை. சிவப்பைக் குறைக்கும், அதற்கும் பல முறை போக வேண்டும், சிவப்பு திரும்பி வரவும் கூடும். பணமும் கரையும். ஆகவே, கருவியின் பெயரைச் சொல்லிக் கூவி அழைக்கும் இடத்தைவிட, தோலைக் கூர்ந்து பார்த்து, "உங்களுக்கு இப்போது லேசர் வேண்டாம்" என்று சொல்லத் துணியும் டாக்டரே மேல்.