உடம்புக்கு ஒரு சுபாவம்

நீங்கள் வாதமா, பித்தமா, கபமா? 2024 நவம்பர் 26 அன்று மத்திய ஆயுஷ் அமைச்சகம் தொடங்கிய நாடு தழுவிய இயக்கம், செல்போன் செயலி மூலம் மக்களிடம் கேட்டது இதைத்தான். சில மாதங்களில் ஒரு கோடிக்கும் அதிகமானோர் தங்கள் 'பிரகிருதி' எது என்று தெரிந்துகொண்டார்கள். தெரிந்ததை வைத்து என்ன செய்வது என்பதில்தான் குழப்பம்.

தமிழர்களுக்கு இது புதிய பாடமல்ல. 'பித்தம் தலைக்கேறிவிட்டது', 'சூட்டு உடம்பு', 'வாயுப் பதார்த்தம்' என்றெல்லாம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது இதே கணக்கில்தான். சித்த மருத்துவம் இவற்றை வளி, அழல், ஐயம் என்கிறது. ஆயுர்வேதத்தின்படி உடலில் அசைவும் மூச்சும் வாதத்தின் பொறுப்பு. செரிமானமும் சூடும் பித்தத்தின் வேலை. கட்டுமானமும் நெய்ப்பும் கபத்தைச் சேர்ந்தவை. மூன்றும் இல்லாத உடம்பு கிடையாது. அளவுதான் ஆளுக்கு ஆள் மாறுகிறது. அந்த விகிதம் கருவிலேயே முடிவாகிவிடுகிறது, அதுவே பிரகிருதி. ஒன்று மேலோங்கியது, இரண்டு மேலோங்கியது, மூன்றும் சமமானது என்று ஏழு வகை.

பலர் தவறவிடும் இடம் அடுத்தது. சமநிலை என்றால் மூன்றையும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்காக்குவது அல்ல. அவரவர் விகிதத்தில் அவரவர் நிற்பது. பித்த உடம்பு என்பது நோயல்ல. அந்த உடம்பில் பித்தம் தன் அளவைத் தாண்டும்போதுதான் அது 'விகிருதி'. ஒத்த குணம் பெருக்கும், எதிர்க் குணம் தணிக்கும் என்பது இங்கே அடிப்படை விதி. வறட்சியும் குளிர்ச்சியும் வாதத்தின் குணங்கள் என்பதால் வைத்தியர் வெதுவெதுப்பான நல்லெண்ணெயைத் தேடுகிறார். பருவமும் கணக்கில் உண்டு: வாதம் மழைக்காலத்திலும், பித்தம் அதையடுத்த சரத் காலத்திலும், கபம் வசந்தத்திலும் சீறும் என்கின்றன நூல்கள்.

இந்தப் பாகுபாட்டுக்கு மரபணுவில் ஏதாவது தடயம் உண்டா என்று முதலில் தேடியவர்களில் புனே ஆய்வாளர்கள் உண்டு. புனே பல்கலைக்கழகத்தின் பூஷண் பட்வர்தன், கல்பனா ஜோஷி, மூட்டுநோய் நிபுணர் அர்விந்த் சோப்ரா ஆகியோர் 2005இல் வெளியிட்ட ஆய்வில் 76 பேர் இடம்பெற்றனர். நோய் எதிர்ப்பு தொடர்பான எச்.எல்.ஏ. மரபணு வடிவங்களுக்கும் பிரகிருதிக்கும் தொடர்பு தென்படுவதாக அது கூறியது. எண்ணிக்கை சிறியது, ஆனால் கதவு திறந்தது.

பெரிய முயற்சி 2015இல் வந்தது. ஹைதராபாத் சி.சி.எம்.பி.யின் குமாரசாமி தங்கராஜ், இதய அறுவை நிபுணர் எம்.எஸ். வலியத்தான் ஆகியோருடன் பட்வர்தனும் ஜோஷியும் இருந்தார்கள். ஆரோக்கியமான இளைஞர்கள் 3,416 பேரைப் பரிசோதித்து, ஒரே தோஷம் தெளிவாக மேலோங்கிய 262 பேரின் மரபணுக்களை ஒப்பிட்டார்கள். வைத்தியர்களின் கணிப்பைச் சரிபார்க்க புனேயின் சி-டாக் உருவாக்கிய 'ஆயுசாஃப்ட்' மென்பொருளும் பயன்பட்டது. மூன்று பிரிவினருக்கும் இடையே 52 மரபணுக் குறிகள் வேறுபட்டன. உடல் சர்க்கரையைக் கையாள்வதில் பங்குள்ள பி.ஜி.எம்.1 மரபணு, பித்தப் பிரகிருதியோடு தொடர்பு காட்டியது.

இதிலிருந்து ஆயுர்வேதம் முழுக்க நிரூபணமாகிவிட்டது என்று தாவ முடியாது. ஆய்வில் இருந்தவர்கள் ஆண்கள் மட்டுமே; அதிலும் கலப்பில்லாத வகையினர். நம்மில் பெரும்பாலோர் கலப்பு. மனிதர்களை வகைப்படுத்த முடிவது ஒன்று, அந்த வகைக்கேற்ற மருந்து வேலை செய்வது வேறு. இரண்டாவதற்குத் தனிச் சோதனை வேண்டும்.

வகைப்படுத்துவதிலேயே சிக்கலும் இருக்கிறது. 2013இல் வெளியான ஓர் ஆய்வில் 15 ஆயுர்வேத மருத்துவர்கள், ஆரோக்கியமான அதே 20 பேரின் நாடியையும் நாக்கையும் பிரகிருதியையும் பார்த்தார்கள். அவர்களிடையே ஒற்றுமை குறைவு முதல் நடுத்தரம் வரைதான். நேரில் பார்த்த மருத்துவர்களுக்கே இந்த நிலை என்றால், செல்போன் கேள்விகள் தரும் முடிவை எந்த அளவுக்கு நம்புவது?

பயன் இல்லாமலில்லை. எது ஒத்துக்கொள்கிறது, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தன் உடம்பைக் கவனிக்கப் பழக்குவதே பெரிய லாபம். ஆனால் 'எனக்குக் கப உடம்பு, அதனால்தான் மூச்சு வாங்குகிறது' என்று சமாதானம் சொல்லிக்கொண்டு ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்க்காமல் விடுவது ஆபத்து. பிரகிருதி எதுவானாலும், நெஞ்சுவலி வந்தால் ஓடவேண்டிய இடம் ஒன்றுதான்.