கம்பி பழையது, கடன் யாருடையது?



மயிலாப்பூர் மாடவீதிகளை ஒட்டிய சந்துகளில் ஒருமுறை நடந்து பாருங்கள். தியாகராய நகரின் பழைய தெருக்களிலும், அடையாறு காந்தி நகரிலும் இன்னும் இடிபடாமல் நிற்கும் வீடுகளுக்குள் நுழைந்து பாருங்கள். வாசலில் அடித்த வண்ணம் புதிது. வாங்கும் வாடகை அதைவிடப் புதிது! சுவரில் ஓடும் மரச்சட்டம் மட்டும் பாட்டனார் காலத்தது. அதன்மேல் செல்லும் கம்பி, நான்கு விளக்கும் ஒரு விசிறியும் போதுமென்றிருந்த நாளில் இழுக்கப்பட்டது.

இன்று அந்தக் கம்பி சுமப்பது என்ன? குளிர்பதனப் பெட்டி, துவைக்கும் இயந்திரம், மாவரைக்கும் கிரைண்டர், ஏ.சி.! 2,000 வாட் வெந்நீர்க் கருவி ஒன்றே ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கிறது. விளக்குக்கென்று போட்ட மெல்லிய கம்பி சூடேறுகிறது. வயது முதிர்ந்த ரப்பர் உறை காய்ந்து, வெடித்து, உதிர்கிறது. பீங்கான் ஃப்யூஸ் அடிக்கடி போகிறது; 'தொல்லை தாங்கவில்லை' என்று அதில் தடித்த கம்பியைச் சுற்றி வைக்கிறோம். காவற்காரனை உறங்க வைத்துவிட்டுக் கதவைத் திறந்து போடுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

மாற்றுவழி அறியாததன்று. அளவான செம்புக் கம்பி வேண்டும், முறையான எர்த் வேண்டும், கிளைக்கொரு எம்.சி.பி. வேண்டும், 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்னோட்டத்தைத் துண்டித்து உயிரைக் காக்கும் ஆர்.சி.சி.பி. வேண்டும். சுவரை வெட்டி, குழாய் பதித்து, மீண்டும் பூசவும் வேண்டும். சிறிய வீட்டுக்கே செலவு பல பத்தாயிரம் ரூபாயாகிறது. இங்கேதான் கேள்வி எழுகிறது: கொடுப்பவர் யார்?

"ஏ.சி. மாட்டியவர் நீங்கள், கம்பியையும் நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள்" என்கிறார் வீட்டுக்காரர். நன்று! வீட்டைக் காலி செய்யும் நாளில், குடியிருந்தவர் சுவரைப் பெயர்த்துத் தம் கம்பியை எடுத்துச் செல்ல விடுவாரா? விடமாட்டார். அப்படியானால் அந்தக் கம்பி வீட்டின் உடைமை; வீட்டின் உடைமைக்கு வீட்டுக்குரியவரே பணம் தரவேண்டும்.

இது நம் விருப்பம் மட்டுமன்று, தோழர்களே, சட்டமும் இதுதான். 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் இடத்தில் வந்து, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் 2017ஆம் ஆண்டு நில உரிமையாளர், வாடகைதாரர் சட்டத்தின் அட்டவணையை எடுத்துப் பாருங்கள். சுவிட்சும் சொருகியும் பழுதானால் குடியிருப்பவர் பார்க்கவேண்டும்; வீட்டின் உள்ளும் புறமும் ஓடும் மின்கம்பியைத் தேவைப்படும்போது உரிமையாளரே கவனிக்கவேண்டும் என்று அது பிரித்துச் சொல்கிறது.

"பழைய சட்டம் வாடகையைக் கட்டிப்போட்டது, பழுது பார்க்கப் பணம் எங்கே?" என்று அந்நாளில் உரிமையாளர்கள் கேட்டனர். அதில் ஓரளவு நியாயம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் புதிய சட்டம் வாடகையை இருவர் ஒப்பந்தத்துக்கே விட்டுவிட்டதே! கட்டு அவிழ்ந்த பிறகும் பழைய சாக்கு எதற்கு? வாடகை மட்டும் இந்த ஆண்டினுடையது, கம்பி மட்டும் 1950களினுடையது என்றால், அது எந்த ஊர்க் கணக்கு?

சட்டம் இருந்தும் குடியிருப்பவர் வாய் திறவாததேன்? அச்சம்! ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும், வாடகை ஆணையத்தில் பதிவாகவேண்டும் என்கிறது சட்டம். நடப்பிலோ, வாய்ச்சொல்லும் பதினொரு மாதத் தாளும்தான். "கம்பியை மாற்றுங்கள்" என்றால், "வேறு வீடு பாருங்கள்" என்பதே பதில். பிள்ளையின் பள்ளியையும் மூவாயிரம் படி ஏறித் தேடிய இந்த வீட்டையும் எண்ணி, அவர் தீப்பொறியோடு குடித்தனம் நடத்துகிறார்.

உரிமையாளர் அனைவரும் செல்வரல்லர் என்பதும் உண்மை. ஓய்வூதியத்தில் வாழும் முதியவர், வீட்டின் ஒரு பகுதியை வாடகைக்கு விட்டுப் பிழைக்கிறார். அவர் தோள்மீது சுமை முழுவதையும் ஏற்றுவோர் யார்? வரி விதிப்போர்! பொன் நகைக்கு ஜி.எஸ்.டி. 3 விழுக்காடு, உயிரைக் காக்கும் மின்கம்பிக்கு 18 விழுக்காடு! கழுத்தில் மின்னும் உலோகத்துக்குச் சலுகை, சுவருக்குள் காவல் நிற்கும் உலோகத்துக்குத் தண்டனை. இந்த வரியைக் குறையுங்கள். எளிய உரிமையாளருக்குக் கூட்டுறவு வங்கிவழிக் குறைந்த வட்டிக் கடன் கொடுங்கள் என்று கேட்போம்.

சென்னை நகர மின் விநியோகத்தை 1947இல் அரசு ஏற்றது. 1957இல் மின்சார வாரியம் அமைந்தது. மீட்டர் வரை மின்சாரம் மக்களின் பொறுப்பாயிற்று. மீட்டருக்கு இப்பால் மட்டும் மனச்சாட்சி நுழையாதா?

தோழர்களே, உங்கள் தெருவில் தொடங்குங்கள். ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய உடன் செல்லுங்கள். உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு கம்பியைச் சோதித்து, குறையை எழுத்தில் வாங்குங்கள். அதை வைத்து உரிமையாளருக்குக் கடிதம் எழுதிக் கொடுங்கள். தனியே கேட்பவரைக் காலி செய்யச் சொல்லலாம். தெருவே சேர்ந்து கேட்டால், யாரைக் காலி செய்வார்கள்?