அச்சம் அடியால் அகலுமா?

"அடியாத மாடு படியாது" என்பது தமிழர் வழங்கும் பழமொழிகளுள் ஒன்று. ஏருக்கும் வண்டிக்கும் மாட்டைப் பழக்கிய காலத்தில் பிறந்த சொல் அது. தொழுவத்தோடு அது நின்றிருந்தால் கேடு குறைவாக இருந்திருக்கும். ஆனால் அது வீட்டு முற்றத்திற்கு வந்து நாயின்மேல் ஏறியது. பின்னர்ப் பள்ளிக்கூடத்திற்குள் புகுந்து மாணவன்மேலும் ஏறியது. இங்கு எடுத்துக்கொண்ட பொருள் அஞ்சி நடுங்கும் வீட்டு நாயைத் தேற்றுவது பற்றியதே. ஆயினும் பிரம்பைப் பிடித்துப் பழகிய கை எதுவும் இது தனக்குரியதன்று என ஒதுங்கிவிட இயலாது.

கேமரன் மலையில் பிரிஞ்சாங்குக்கும் கம்போங் ராஜாவுக்கும் இடையே அமைந்த சிற்றூர் கோலா தெர்லா. சரிவெங்கும் காய்கறித் தோட்டங்கள். அவற்றுக்கப்பால் தேயிலை மலைகள். 1929இல் போ தேயிலை நிறுவனம் தொடங்கப்பெற்ற காலந்தொட்டு இம்மலைநாட்டுத் தேயிலையில் தமிழர் உழைப்பு கலந்திருக்கிறது. லயத்து வாசலிலும் தோட்டத்துக் கொட்டகையிலும் அவர்களுக்குத் துணையாக இருந்து வருவது நாய்.

அச்ச இயல்புள்ள நாய்க்கு இம்மலை எளிய இடமன்று. பிற்பகல் மழையோடு வரும் இடி, மலைக்கு மலை மோதி எதிரொலிக்கிறது. காய்கறி ஏற்றிய லாரிகள் இரைச்சலிட்டு ஏறி இறங்குகின்றன. விடுமுறை நாள்களில் முன்பின் அறியாத மக்கள் திரளாக வருகின்றனர். சீனப் புத்தாண்டும் தீபாவளியும் வந்தால் வெடியோசை நள்ளிரவிலும் ஓய்வதில்லை. அவ்வேளையில் நாய் படிக்கட்டின் அடியிலோ கட்டிலின் அடியிலோ பதுங்குகிறது. வீட்டுக்காரர் என்ன செய்கிறார்? சங்கிலியைப் பற்றி வெளியே இழுக்கிறார். "காவலுக்கு வளர்த்த நாய் இப்படிப் பயப்படலாமா?" என்று ஓர் அடி போடுகிறார். சிலர் இன்னும் ஒருபடி மேலே சென்று, ஓசை கேட்கும் இடத்திலேயே நாயைக் குறுகக் கட்டிவிட்டு, "கேட்டுக் கேட்டுப் பழகிவிடும்" என்கின்றனர். நாய் சிறிது நேரம் கதறுகிறது. பிறகு அடங்கி ஒடுங்குகிறது. உடனே "பார்த்தீர்களா, பழகிவிட்டது" என்ற வெற்றிக் குரல் எழுகிறது.

அது பழகவில்லை. ஒடுங்கிவிட்டது. பழகுதல் வேறு, ஒடுங்குதல் வேறு என்பதை அறியாமையே இத்துன்பத்திற்கெல்லாம் வேர்.

இவ்வேறுபாட்டை ஐயத்திற்கிடமின்றிக் காட்டிய ஆய்வு ஒன்று உண்டு. 1967இல் அமெரிக்கப் பென்சில்வேனியப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த செலிக்மன், மையர் என்னும் உளவியலார் நாய்களைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தினர். இன்றைய உள்ளம் பொறாத ஆய்வு அது. சில நாய்களுக்கு, எவ்வாறு முயன்றாலும் தப்ப இயலாத வகையில் மின்னதிர்ச்சி தரப்பட்டது. பின்னர் அந்நாய்களைத் தாழ்ந்த தடுப்பொன்றைத் தாண்டினால் தப்பிவிடத்தக்க பெட்டியில் விட்டனர். அதிர்ச்சி பெறாத நாய்கள் தாண்டித் தப்பின. முன்பு அடைபட்டுத் துன்புற்ற நாய்களுள் பெரும்பாலானவை தாண்ட முயலவே இல்லை, படுத்துக்கிடந்து முனகின. வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு அவை அமைதியான நாய்களாகவே தோன்றியிருக்கும். தப்பும் வழி கண்முன் இருந்தும் அதனை நாடும் ஊக்கம் அவற்றிடம் அற்றுப்போயிருந்தது.

ஐம்பதாண்டு கழித்து, 2016இல், அவ்விருவருமே தம் கொள்கையைத் திருத்தி எழுதினர். துன்பம் நீடிக்கும்போது செயலற்றுக் கிடப்பது கற்றுக்கொள்ளப்படுவதன்று. அஃது உயிரின் இயல்பான எதிர்வினை. 'என் செயலால் என் நிலையை மாற்றிக்கொள்ள இயலும்' என்னும் உணர்வே கற்றுக்கொள்ளப்படுவது என்றனர். ஆசிரியர் அனைவரும் ஊன்றி எண்ணத்தக்க முடிவு இது. அச்சம் தானே வரும். நம்பிக்கையைக் கற்பித்தாக வேண்டும். கற்பிக்க வேண்டிய ஒன்றை அடித்து வரவழைக்க முடியுமா?

"நாய் ஓநாய் இனம், மனிதன் தலைவனாக நின்று அதனை அடக்க வேண்டும்" என்று வாதிடுவோரும் உளர். கூட்டில் அடைக்கப்பட்ட ஓநாய்களை நோக்கி 1947இல் செங்கல் என்னும் அறிஞர் எழுதியதிலிருந்து பரவிய கருத்து இது. ஒன்றோடொன்று உறவில்லா ஓநாய்களை ஓரிடத்தில் அடைத்தால் சண்டை மூளாமல் என்ன செய்யும்? காட்டு ஓநாய்களை நெடுங்காலம் ஆராய்ந்த டேவிட் மீச், இயற்கையில் ஓநாய்க்கூட்டம் என்பது தாயும் தந்தையும் பிள்ளைகளும் கொண்ட குடும்பமே என்று 1999இல் விளக்கிவிட்டார். சிறைச்சாலையைப் பார்த்துவிட்டு இல்லறத்திற்கு இலக்கணம் வகுப்பது அறிவுடைமை ஆகாது.

நாய் அஞ்சுவது அதன் குற்றமன்று. ஸ்காட், புல்லர் என்னும் அமெரிக்க ஆய்வாளர் 1965இல் வெளியிட்ட நூலில், குட்டி உலகத்தோடு உறவு கொள்ளும் பருவம் ஏறத்தாழ மூன்றாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம்வரை என்று காட்டினர். அப்பருவத்தில் மனிதரையும் ஓசைகளையும் இனிமையாக அறியாத குட்டி, வளர்ந்தபின் அவற்றைக் கண்டு மிரளுகிறது. பிறவிக் கூறும் இதில் உண்டு. கொட்டகையின் பின்னே ஈன்று, ஆள் முகம் காணாமல் வளர்ந்து, பின்பு திடுமெனச் சங்கிலியில் கட்டப்படும் குட்டி மிரளாமல் வேறென்ன செய்யும்? குற்றம் வளர்த்த முறையில் இருக்கத் தண்டனையை நாய் ஏற்கிறது.

அங்ஙனமாயின் செய்ய வேண்டுவது யாது? இதற்கும் வழி கண்டவர் உளர். அவ்வழி முதலில் ஒரு குழந்தையிடமே ஆராயப்பட்டது. 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்னும் அம்மையார், முயலைக் கண்டு அலறிய பீட்டர் என்னும் மூன்று வயதுச் சிறுவனின் அச்சத்தைப் போக்கினார். சிறுவன் விரும்பிய உணவை உண்ணும்போது முயற்கூண்டைத் தொலைவில் வைத்தார். அவன் கலங்காத அளவுக்கே அதனைச் சிறிது சிறிதாக அருகே கொணர்ந்தார். முடிவில் சிறுவன் முயலைத் தடவிக்கொடுத்தான். அஞ்சும் நாய்க்கும் இதுவே மருந்து. இடியோசையைப் பதிவு செய்து, நாய் காதை மட்டும் அசைக்கும் அளவுக்கு மெல்ல ஒலிக்கச் செய்து, அப்போது அவித்த கோழித் துண்டு ஒன்று தரவேண்டும். அது கலங்காமல் உண்டால் மறுநாள் ஓசையை ஒரு சிறிது கூட்டலாம். உணவை மறுத்தால் ஓசை மிகுந்துவிட்டது என்பது பொருள். பின்வாங்கிக் குறைக்க வேண்டும். நாளொன்றுக்குச் சில மணித்துளிகள் போதும். நாய் தானே விரும்பி ஓடி ஒளிய ஓர் இடம் எப்போதும் இருக்கவேண்டும். அங்கிருந்து அதனை எவரும் இழுக்கலாகாது.

புதியவர் வந்தால் நாயை நோக்கிக் குனிந்து கைநீட்டக் கூடாது. பக்கவாட்டில் அமர்ந்து, கண்ணை உற்று நோக்காமல், நாய் தானே அணுகும்வரை பொறுத்திருக்க வேண்டும். வாலைக் கால்களுக்கிடையே செருகுதல், காதைப் பின்மடித்தல், உதட்டை அடிக்கடி நக்குதல், காரணமின்றிக் கொட்டாவி விடுதல், முகத்தைத் திருப்பிக்கொள்ளுதல் ஆகியவை நாயின் மொழி. "என்னை விட்டுவிடு" என்பதே அவற்றின் பொருள். நன்றாக இருந்த நாய் திடீரென அஞ்சத் தொடங்கினால் உடலில் நோவு இருத்தல் கூடும். கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். அச்சம் மிகுந்தவற்றுக்கு அவர் மருந்தும் தரக்கூடும்.

இதற்கு மூன்று மறுப்புகள் எழும். "அஞ்சும்போது அணைத்தால் அச்சம் வளருமே" என்பது முதலாவது. அச்சம் ஓர் உணர்ச்சி. கூலி பெறுவதற்காக நாய் செய்யும் தொழிலன்று. நாடிவரும் நாய்க்கு ஆதரவாக அருகில் இருப்பதால் அச்சம் பெருகிவிடாது. "காவல் நாய்க்குச் சீற்றம் வேண்டாமா" என்பது இரண்டாவது. உறுமியதற்காக அடிபட்ட நாய் உறுமுவதை விட்டுவிடும், அச்சத்தை விடுவதில்லை. எச்சரிக்கை இன்றிக் கடிக்கும் நாய் இவ்வாறு உருவாகிறது. கடிபடுவது திருடனாக இருக்கவேண்டும் என்பதில்லை. பள்ளிக்குச் செல்லும் பக்கத்து வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம். "விடியலில் மலையேறி மாலையில் திரும்பும் உழைப்பாளிக்கு இதற்கெல்லாம் நேரமேது" என்பது மூன்றாவது. இதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இழுப்பதற்கும் அடிப்பதற்கும் ஆகும் நேரத்திற்கு மேல் இங்குக் கேட்கப்படவில்லை. அடிக்காமல் விடுவதற்கு நேரமே தேவையில்லை. மேலும், மலேசியாவின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், விலங்கைக் கொடுமை செய்வோர்க்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை தண்டமோ மூன்றாண்டுக்கு மேற்படாத சிறையோ இரண்டுமோ விதிக்க இடந்தருகிறது.

தமிழர்க்கு இவ்வறம் புதிதன்று. பழகத்தக்க நட்புக்கு யானையை விலக்கி நாயை எடுத்துக்காட்டியது நாலடியார். தன்னைப் பின்தொடர்ந்த நாயைக் கைவிட்டுச் சுவர்க்கம் புகேன் என்று தருமன் மறுத்த கதையைப் பாரதம் சொல்கிறது. வகுப்பில் இவற்றைப் பாடமாக நடத்திவிட்டு, வீட்டு வாசலில் கிடக்கும் நாயைக் காலால் எற்றுவது கற்றதற்குத் தகுந்த நிற்றல் ஆகுமா?

இறுதியாக, ஆசிரியர் உலகிற்கு ஒரு சொல். ஒவ்வொரு வகுப்பிலும் கடைசி வரிசையில் ஒரு பிள்ளை இருக்கிறது. பெயர் சொல்லி அழைத்தால் தலை கவிழ்கிறது. விடை தெரிந்தும் வாய் திறப்பதில்லை. தொல்லை தராத பிள்ளை என்று தேர்ச்சி அறிக்கையில் நற்சான்றும் பெறுகிறது. அப்பிள்ளை பழகியிருக்கிறதா, ஒடுங்கியிருக்கிறதா? பிரம்பு ஓங்கிய வகுப்பில் இவ்விரண்டையும் பிரித்தறிய வழியே இல்லை. நாய்க்கு வேண்டிய மூன்றே இப்பிள்ளைக்கும் வேண்டும்: அஞ்சாத தொலைவிலிருந்து தொடங்குதல், சிறு வெற்றிக்கு உடனே ஒரு நல்ல சொல், பின்வாங்க உரிமை.

பழமொழியைப் படைத்தவர் முன்னோர். அதனைத் திருத்தும் உரிமை பின்னோர்க்கு உண்டு. அடியாத மாடும் படியும்; அன்போடு பழக்கினால் துணிந்தும் நிற்கும். மலையில் இன்று மாலையும் இடி முழங்கும். கட்டிலடியில் ஒண்டும் நாயை நோக்கி நீளும் கை, சங்கிலியைப் பற்றப் போகிறதா, அல்லது கோழித் துண்டை வைத்துவிட்டுப் பொறுமையோடு விலகப் போகிறதா? அக்கைக்கு உரியவரின் கல்வி எத்தகையது என்பதை அந்நொடியே சொல்லிவிடும்.