சேனலை விடுங்கள், சாகசக் காசைப் பிடியுங்கள்

மண்ணூரிலிருந்து பேரம்பாக்கம் சாலையில் தண்டலம் வந்து சேர்ந்தால் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலை. ஷிஃப்ட் விடும் நேரத்தில் அதன் ஓரத்தில் யார் நிற்பார்கள் என்று இந்த வட்டாரத்தில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பெண்கள், கான்ட்ராக்ட் வேலை முடித்து அறைக்கு நடந்துபோகும் ஒடிசா, பிகார் இளைஞர்கள், எதிர்ப்பக்கமாக சைக்கிள் மிதித்துவரும் வயதானவர்கள். அதே சாலைதான் பைக் சாகச வீடியோக்காரர்களுக்குப் படப்பிடிப்புத் தளமாகவும் ஆகிவிட்டது. முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு பறக்கும் சில விநாடிகள் வீடியோவாகின்றன, வீடியோவில் விளம்பரம் ஓடுகிறது, விளம்பரம் காசாகிறது. அந்தக் காசில் அரசு கைவைக்க வேண்டும் என்பது எங்கள் நிலைப்பாடு. லைசென்ஸ் ரத்து, சிறை, நீதிமன்றக் கண்டனம் எல்லாம் பார்த்துவிட்டோம். வீடியோ சம்பாதித்த பணம் மட்டும் சம்பாதித்தவரிடமே பத்திரமாக இருக்கிறது.

2023 செப்டம்பர் 17-ஐ இந்தப் பகுதி மறந்திருக்காது. அன்று இதே நெடுஞ்சாலையில், காஞ்சிபுரத்தைத் தாண்டி பாலுசெட்டி சத்திரம் அருகே, 'ட்வின் த்ராட்லர்ஸ்' யூடியூப் சேனலை நடத்தும் டி.டி.எஃப். வாசன் பைக்கின் முன்சக்கரத்தைத் தூக்கியபோது நிலைதடுமாறித் தூக்கியெறியப்பட்டார். கை முறிந்தது. இரண்டு நாளில் கைதானார். அக்டோபர் 5-ஆம் தேதி ஜாமீன் மறுத்த சென்னை உயர் நீதிமன்றம், பைக்கை எரித்துவிடலாம், யூடியூப் பக்கத்தை மூடிவிடலாம் என்ற அளவுக்குக் கடிந்துகொண்டது. அவருடைய ஓட்டுநர் உரிமத்தைப் போக்குவரத்துத் துறை 10 ஆண்டுகளுக்கு ரத்து செய்தது. நவம்பரில் ஜாமீன் கிடைத்தது. அடுத்த மே மாதமே, செல்போனில் பேசியபடி கார் ஓட்டிய வீடியோவுக்காக மதுரைப் போலீஸார் அவரை மறுபடி கைது செய்தார்கள்.

அவர் குற்றவாளியா என்பதை நீதிமன்றங்கள் சொல்லட்டும். ஒரு தனிமனிதரை விரட்டுவது எங்கள் நோக்கமும் அல்ல. நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் பின்தொடர்ந்த ஒரு சேனலின்மீது சிறையும் பத்தாண்டுத் தடையும் பாய்ந்த பிறகும், இதே பாதையில் வேறு பையன்கள் ஏன் பின்சக்கரத்தில் மட்டும் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பதே எங்கள் கேள்வி.

சட்டத்தின் கணக்கைப் பார்த்தால் பதில் கிடைக்கும். சாலையில் பந்தயம் விடுவதற்கும் வேகத்தைச் சோதிப்பதற்கும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆவது பிரிவின்படி முதல்முறைக்கான அபராதம் 5,000 ரூபாயைத் தாண்டாது. பொதுவழியில் பிறர் உயிருக்கு ஆபத்தாக ஓட்டுவதற்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-ஆவது பிரிவு வைத்திருக்கும் அபராதம் 1,000 ரூபாய்வரைதான். இரண்டிலும் சிறைக்கு இடமுண்டு. ஆனால், அபராதம் கட்டினாலும் போதும் என்று விடுவதற்கும் இடமுண்டு. லட்சக்கணக்கில் விலைபோகும் அந்த வகைப் பைக்கின் பின்டயர் ஒன்றை மாற்றக்கூட இந்த 5,000 ரூபாய் போதாது. வீடியோ எடுப்பவருக்கு அது பெட்ரோல் செலவோடு சேர்த்து எழுதும் இன்னொரு செலவு. வழக்கு, கைது என்ற செய்தி வந்தால் பார்வைகள் ஏறுகின்றன. பார்வைகள் ஏறினால் வருமானமும் ஏறுகிறது. தண்டனையே விளம்பரமாகும் இடத்தில் தண்டனையை மட்டும் கூட்டிக்கொண்டே போவதால் பயனில்லை.

பணம் வரும் வழியையும் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். யூடியூபின் நீள வீடியோ ஒன்றில் ஓடும் விளம்பரத்துக்கு 100 ரூபாய் கிடைத்தால் 55 ரூபாய் வீடியோ எடுத்தவருக்கு, 45 ரூபாய் நிறுவனத்துக்கு. ஷார்ட்ஸ் எனப்படும் குறுவீடியோக்களில் படைப்பாளிகளுக்கென ஒதுக்கப்படும் தொகையில் 45 சதவீதம் அவர்கள் கைக்குப் போகிறது. முழு விளம்பர வருமானப் பங்கு பெற ஒரு சேனலுக்கு ஆயிரம் சந்தாதாரர்கள் வேண்டும். அதோடு பன்னிரண்டு மாதத்தில் 4,000 மணி நேரம் மக்கள் அதைப் பார்த்திருக்க வேண்டும், அல்லது 90 நாளுக்குள் ஷார்ட்ஸ் ஒரு கோடி முறை பார்க்கப்பட்டிருக்க வேண்டும்.

இந்தக் கடைசி நிபந்தனையில்தான் ஆபத்து உட்கார்ந்திருக்கிறது. 2020 ஜூன் 29-இல் டிக்டாக் தடைசெய்யப்பட்டது; அந்த ஆண்டு செப்டம்பரிலேயே யூடியூப் தன் ஷார்ட்ஸை முதன்முதலில் இந்தியாவில்தான் சோதித்துப் பார்த்தது. பையன்களின் கைப்பழக்கம் ஒரு செயலியிலிருந்து இன்னொன்றுக்கு மாறியது, அவ்வளவுதான். ஐ.டி.ஐ. முடித்து ஒரகடத்திலோ வல்லம் வடகாலிலோ அப்ரன்டிஸாகச் சேர்ந்து, தவணையில் பைக் வாங்கிய பத்தொன்பது வயதுப் பையனை நினைத்துப் பாருங்கள். பயிற்சிக் காலம் முடிந்தால் வேலை நிலைக்குமா என்பது அவனுக்குத் தெரியாது. கையில் போன் இருக்கிறது, கண்முன்னே நெடுஞ்சாலை இருக்கிறது. ஹெல்மெட் போட்டு அறுபதில் ஒழுங்காக ஓட்டும் வீடியோவை 90 நாளில் ஒரு கோடி முறை யாரும் பார்க்க மாட்டார்கள் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். எதைப் பார்ப்பார்கள் என்பதும் தெரியும். அவனைக் கெட்டவன் என்று எழுதிவிட்டு நகர்ந்துபோக எங்களுக்கு மனம் வரவில்லை. அவன் முன்னால் ஒரு பரிசு தொங்குகிறது; அதைத் தொங்கவிட்டவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள்.

2023 மே மாதம் யமுனா விரைவுச்சாலையில் இறந்துபோன டேராடூன் யூடியூபர் அகஸ்தய் சவுஹானுக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் சந்தாதாரர்கள் இருந்தார்கள். பைக்கை 300 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுபோகும் முயற்சியில் உயிர் போனதாகச் செய்திகள் சொல்லின. நான்கு மாதம் கழித்து பாலுசெட்டி சத்திரம். இடையில் எந்த விதியும் மாறவில்லை.

யூடியூப் நிறுவனம் என்ன சொல்லும் என்பது தெரிந்ததே. நாங்கள் வெறும் இடைத்தரகர். பிறர் ஏற்றும் வீடியோவுக்கு நாங்கள் பொறுப்பல்ல. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ஆவது பிரிவு எங்களுக்குப் பாதுகாப்புத் தருகிறது. சுவரில் யாரோ போஸ்டர் ஒட்டிவிட்டுப் போனால் சுவருக்குச் சொந்தக்காரர் என்ன செய்வார் என்ற வாதம் இது. ஆனால், ஒவ்வொரு போஸ்டருக்கும் 100-க்கு 45 வாங்கிக்கொள்ளும் சொந்தக்காரரை அப்படி விட்டுவிட முடியுமா? ஆபத்தான செயல்களைக் காட்டும் வீடியோக்களுக்கு எதிராக யூடியூபுக்கே விதிகள் இருக்கின்றன; 90 நாளில் மூன்று எச்சரிக்கைப் புள்ளிகள் விழுந்தால் சேனல் போய்விடும் என்கிறது அது. அந்த விதிகள் தமிழ்நாட்டுச் சாலைகளை எட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இங்கே அரசுக்குப் புதுச் சட்டம்கூடத் தேவையில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 107-ஆவது பிரிவு, ஒரு குற்றத்தின் மூலம் நேராகவோ சுற்றிவளைத்தோ வந்த சொத்தை முடக்கும்படி நீதிமன்றத்தைக் கேட்க, விசாரிக்கும் போலீஸ் அதிகாரிக்கு வழிவிடுகிறது. மாவட்டக் கண்காணிப்பாளரின் ஒப்புதல் வேண்டும். சம்பந்தப்பட்டவருக்கு நோட்டீஸ் கொடுத்து 14 நாள் அவகாசம் தர வேண்டும். குற்றத்தில் வந்த பணம்தான் என்று நீதிமன்றம் முடிவுசெய்தால், மாவட்ட ஆட்சியர் வழியாகப் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கலாம். உரிமை கோருபவர் இல்லையென்றால் அது அரசைச் சேரும். மோசடிப் பணத்துக்குப் பயன்படும் இந்தப் பிரிவு சாகச வீடியோவுக்கு ஏன் பயன்படக் கூடாது? எந்த வீடியோ எவ்வளவு ஈட்டியது என்பதை யூடியூப் ஸ்டுடியோ தனித்தனியாகக் காட்டுகிறது. பணம் மாதாமாதம் வங்கிக் கணக்குக்கு வருகிறது. கணக்கெடுக்க இதைவிடச் சுலபமான வருமானம் வேறு இல்லை. வீடியோவுக்குள் ஜாக்கெட்டையும் ஹெல்மெட்டையும் செயலியையும் புகழ்ந்து பேச வாங்கிய ஸ்பான்சர் தொகையும் இதில் சேர வேண்டும். நிறுவனம் எடுத்துக்கொண்ட பங்கும் சேர வேண்டும். அதற்கு எதிர்ப்பு வரும், வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போகும். போகட்டும்.

போலீஸ் கையில் இப்படியோர் ஆயுதத்தைக் கொடுத்தால் அது எங்கெல்லாம் பாயும் என்ற அச்சம் நியாயமானது, எங்களுக்கும் இருக்கிறது. 2024 செப்டம்பர் 9-இல் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாள் நடந்தது. 2021 டிசம்பரில், விடுதி உணவால் நோயுற்ற தோழிகளுக்காகப் பெண் தொழிலாளர்கள் இதே நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். அப்படிப்பட்ட நாள்களில் தொழிலாளியின் கையிலுள்ள போன்தான் அவர் தரப்புச் சாட்சி. ஏரி ஆக்கிரமிப்பையும் கழிவுநீரையும் படம்பிடிக்கும் உள்ளூர் சேனல்காரர்களுக்கும் அதே நிலைதான். ஆகவே எல்லையைக் கறாராகப் போட வேண்டும். பொதுச்சாலையில் பிறர் உயிருக்கு ஆபத்து விளைவித்த ஓட்டம் மட்டும். அந்த ஓட்டம் பதிவான வீடியோவின் வருமானம் மட்டும். நீதிமன்ற ஆணை இருந்தால் மட்டும். சேனலை மூடும் அதிகாரம் யாருக்கும் வேண்டாம். இந்த ஒரு விஷயத்தில் உயர் நீதிமன்றத்தின் அன்றைய கோபத்தோடு நாங்கள் மரியாதையுடன் மாறுபடுகிறோம்.

மாறுபடக் காரணம் உண்டு. யூடியூப் வருமானம் கௌரவமான பிழைப்பு. புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தில் ஒரு தாத்தாவும் பேரன்களும் வயல்வெளியில் அடுப்பு மூட்டி 2018-இல் ஆரம்பித்த 'வில்லேஜ் குக்கிங் சேனல்', 2021-இல் ஒரு கோடி சந்தாதாரர்களை எட்டியது. தமிழில் அந்த எண்ணிக்கையைத் தொட்ட முதல் சேனல் அதுதான். அந்த வருமானத்திலிருந்து 10 லட்சம் ரூபாயை முதலமைச்சரின் பொது நிவாரண நிதிக்குக் கொடுத்தார்கள். விதைத்ததையும் சமைத்ததையும் காட்டி ஒரு குடும்பம் தலைநிமிர முடிகிற இடத்தை, சிலர் செய்யும் அட்டகாசத்துக்காக மூடிவைக்கக் கூடாது.

பிடிக்கும் பணத்தை எங்கே சேர்ப்பது என்பதற்கும் இடம் தயாராக இருக்கிறது. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம், விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாகத் தருகிறது. தமிழ்நாட்டில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் 64,105 சாலை விபத்துகள். இறந்தவர்கள் 17,884 பேர். மதுரவாயல் – வாலாஜாபேட்டை இடையே சாலை படுமோசமாக இருந்ததால் 2020 டிசம்பரில் சுங்கக் கட்டணத்தையே பாதியாகக் குறைக்கும்படி உயர் நீதிமன்றம் சொன்ன நெடுஞ்சாலை இது. சாலை தரும் ஆபத்தே மக்களுக்குப் போதும்.

காஞ்சிபுரம் மாவட்டக் காவல் துறை அடுத்த சாகச வீடியோ வழக்கிலேயே 107-ஆவது பிரிவின்கீழ் மனு போட வேண்டும். அதோடு இன்னொன்றும் நடக்க வேண்டும். மண்ணூருக்குப் பக்கத்தில், இதே நெடுஞ்சாலையை ஒட்டி, இருங்காட்டுக்கோட்டையில் பல பத்தாண்டுகளாக மோட்டார் பந்தயத் தளம் ஒன்று இருக்கிறது. எதிர்வண்டி வராத பாதை, விழுந்தால் ஓடிவர ஆட்கள், ஆம்புலன்ஸ் எல்லாம் அங்கே உண்டு. நம் பையன்களால் கட்ட முடியாத கட்டணமும் உண்டு. 2024-இல் தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 பந்தயம் நடத்தத் துணைநின்ற தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம், மாதத்துக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமையாவது இந்தத் தளத்தை வாடகைக்கு எடுத்து, ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் ஆலைகளில் வேலைசெய்யும் இளைஞர்களுக்குப் பயிற்சியாளரோடு திறந்துவிட வேண்டும். அங்கே எடுக்கும் வீடியோவில் வரும் காசு முழுவதும் அவர்களுக்கே போகட்டும்.